அடுத்த ஷிப்டுக்கு எழுதி வைத்தவர்

என் வீட்டுக்காரர் இங்கே மலேசியாவில், செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் பாய்லர் பார்த்தவர். 1984இல், 24 வயதில் சேர்ந்தார். 2018இல் கண்ணை மூடும்வரை அதே ஆலைதான். பழத்தைப் பிழிந்த பிறகு மிஞ்சும் நாரும் கொட்டை ஓடும்தான் அந்த பாய்லருக்குத் தீனி. அதில் வரும் நீராவியில்தான் குலைகளை வேகவைப்பார்கள். வெட்டிய குலையை அப்படியே போட்டுவைத்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் பழம் வந்து குவிகிற மாதங்களில் ஆலை இரவு பகல் பார்க்காது. பாய்லர் பக்கத்தில் ஒரு லாக் புக் இருக்கும். மணிக்கு ஒரு தடவை நீராவி அழுத்தம், தண்ணீர் மட்டம், பக்கத்தில் கையெழுத்து. ஒரு மணி நேரம் எழுதாமல் விட்டாலும் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் தடுமாறிப் போவார்.

அந்தப் பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. எங்களுக்குக் கல்யாணமான 1988இலிருந்து எழுதியவை மொத்தம் 11 நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. கேஸ் மாற்றிய தேதி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், தன் சர்க்கரை அளவு, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஏணி எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு நாளுக்கும் கீழே ஜெபத்துக்காக இரண்டு மூன்று பேர். "மூன்றாம் லயத்துப் பாட்டி, கண் ஆபரேஷன்." "லோரிக்காரர் மகன், எஸ்.பி.எம். பரீட்சை." "மேனேஜர், கோபம் குறைய."

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நாங்கள் இன்னும் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம். சுற்றிலும் தோட்டங்கள், முன்பு ரப்பர், இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. அவர் பிறந்தது ஈஜோக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா அம்மா இருவருமே பால்மரம் சீவினவர்கள். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், பதினொரு மணிக்கு மேல் பால் வாளியோடு திரும்புகிறவர்கள். அந்தத் தோட்டத்தில் நான்கே நான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள். மாதம் ஒரு தடவை சைக்கிளில் ஒரு போதகர் வருவாராம். வேலை நாளில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருக்கமாட்டார்கள், அதனால் அங்கேதான் ஆராதனை. தொட்டில் துணிகளை ஒதுக்கிக் கட்டிவிட்டு, பாய் விரித்து உட்கார்ந்து பாடியதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும். பெரிய தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தாலும் தனக்கு பால் பவுடர் வாசனை வந்தால்தான் ஜெபம் வருகிறது என்பார்.

பெரிய வெள்ளிக்கு சபா, சரவாக்கில் பொது விடுமுறை உண்டு. இங்கே தீபகற்பத்தில் கிடையாது. எங்களைப் போன்றவர்கள் ஆண்டு லீவில் ஒரு நாளை எடுத்துத்தான் கோயிலுக்குப் போக வேண்டும். ஷிப்டு வேலையில் அதுவும் சுலபம் இல்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் இவர் ஷிப்டு பார்ப்பார். பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூட வேலை செய்த மலாய் நண்பரும் இந்து நண்பரும் இவருடைய ஷிப்டை எடுத்துக்கொள்வார்கள். யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்ட ஏற்பாடு இல்லை, ஆனால் முப்பது வருடம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. தீபாவளி அன்று நான் பிள்ளைகளோடு அக்கம்பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருக்கும்போது அவர் பாய்லர் சூட்டில் நின்றிருப்பார். "அவன் பண்டிகையை அவன் பிள்ளைகளோடு கொண்டாடட்டும், அதுதான் நான் அவனுக்குச் சொல்லும் சுவிசேஷம்" என்பார். தன் விசுவாசத்தைப் பற்றி வெளியாட்களிடம் அவர் பேசியது மிகக் குறைவு.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு லைட் இழுத்துக் கொடுப்பதும் அவர்தான். பூஜையில் கலந்துகொள்ளமாட்டார், அதில் உறுதியாக இருந்தார். ஆனால் ஜெனரேட்டர் மக்கர் செய்தால் இவரைத்தான் கூப்பிடுவார்கள், இவரும் போவார். சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். "இருட்டில் வயதானவர்கள் வாய்க்காலில் விழுந்தால் கர்த்தர் என்னிடம் கணக்குக் கேட்பார் அண்ணே" என்று சொல்லிவிட்டு அவருக்குக் காப்பி போடச் சொன்னார். இந்த விஷயத்தில் இன்றைக்கும் நான் அவர் பக்கம்தான்.

பிள்ளைகள் மூன்று பேர். இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். இரவு ஷிப்டு இருந்தால் மட்டும் ஏழு மணிக்கு. ஒவ்வொரு பிள்ளையும் குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவருக்காக ஜெபிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஆள் யார், அவருக்கு என்ன கஷ்டம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதனாலேயே எங்கள் பிள்ளைகள் பள்ளியில் பக்கத்து மேசைப் பிள்ளை ஏன் சாப்பாடு கொண்டுவரவில்லை என்றெல்லாம் கவனித்துவிட்டு வருவார்கள். வேறு எதையும் நான் அவரிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை என்றாலும் இதை மட்டும் பேரப்பிள்ளைகளிடம் தொடர்கிறேன்.

ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 1999இல் லயத்தை விட்டு டவுன் பக்கம் மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்த புதிது. பெரியவனுக்குப் பத்து வயது. அலமாரி மேல் வைத்திருந்த ஐந்து வெள்ளியை, அதாவது ஐந்து ரிங்கிட்டைக் காணவில்லை. பெரியவனைக் கேட்டார். எடுக்கவில்லை என்றான். அவன் முகம் திருதிருவென்று இருந்ததைப் பார்த்து, பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டி ரோத்தான் பிரம்பை எடுத்தார். மூன்று அடி. பையன் அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் அவருடைய வேலைச் சட்டையை ஊறவைக்கும்போது பையிலிருந்து அந்த ஐந்து வெள்ளி வந்தது. நான் ஒன்றும் பேசாமல் ஈரத்தோடு அவர் கையில் கொடுத்தேன். அன்று இரவு ஜெபத்துக்கு எல்லாரும் உட்கார்ந்த பிறகு, பையன் முன்னால் மண்டியிட்டார். "அப்பா உன்மேல் அநியாயமாகப் பழி போட்டுவிட்டேன். நீ உண்மையைத்தான் சொன்னாய். அப்பாவை மன்னிப்பாயா?" என்று கேட்டார். தங்கையும் தம்பியும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையன் அப்போதுதான் அழுதான். ரோத்தானை ஒடித்துக் குப்பையில் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ரோத்தான் இருந்ததில்லை. நோட்டில் அன்றைய தேதிக்கு நேரே "இன்று மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். தவறு என்னுடையது" என்று எழுதியிருக்கிறார். பெரியவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இறுதி ஆராதனையில் அப்பாவைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னபோது அவன் இந்த ஒரு கதையைத்தான் சொன்னான்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறந்தவரைப் பற்றிப் பேச உங்களைக் கூப்பிட்டால், நல்லவர், வல்லவர், ஊழியத்தில் வைராக்கியமானவர் என்று அடுக்காதீர்கள். உங்கள் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், அவர் தடுமாறிய ஒன்றாக இருந்தாலும் சரி. அன்று கூடாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆலைக்காரர்கள் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை. ஐந்து வெள்ளிக் கதையைக் கேட்டு அவர்கள்தான் முதலில் கண்ணைத் துடைத்தார்கள்.

2014இல் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. சர்க்கரை வியாதிதான் காரணம். நோட்டில் அளவுகளை ஒழுங்காக எழுதினார், ஆனால் இரவு ஷிப்டில் இனிப்பு டீயை விடவில்லை. எழுதி வைப்பது வேறு, கட்டுப்படுத்துவது வேறு என்று எங்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். செலவைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ ஏற்றுக்கொண்டது. சந்தா கட்டுகிற தொழிலாளிக்கு அந்த உரிமை இருக்கிறது. தெரியாமல் வீட்டை அடகு வைக்கப் போன ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். முதலில் பெர்கேசோவில் கேளுங்கள், பிறகு கடன் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். ஆலையும் இவரை பாய்லரிலிருந்து மாற்றி ஸ்டோரில் லேசான வேலை கொடுத்தது.

டயாலிசிஸ் சென்டரில் பக்கத்து நாற்காலிக்காரர்களின் பெயரும் நோட்டில் ஏறிவிட்டது. ஒவ்வொரு பெயராகக் குறைந்துகொண்டே வந்தபோது, அந்தச் சாவு வீடுகளுக்கெல்லாம் போனார். தனக்கே உடம்பு முடியாத நிலையிலும் கூடாரக்காரருக்குப் போன் போடுவது, நாற்காலி எண்ணுவது என்று ஏதாவது செய்யாமல் வரமாட்டார்.

2018 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை, வீட்டிலேயே, தூக்கத்தில் போய்விட்டார். இத்தனை சாவு வீடுகளை நடத்திக் கொடுத்தவர் படுத்திருக்க, எங்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள்தான் 11ஆவது நோட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் "நான் போன பிறகு" என்று தலைப்பு.

வீட்டில் உயிர் போனால் முதலில் போலீஸ் நிலையத்தில் தெரிவித்துப் புதைப்பதற்கான பெர்மிட் வாங்க வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் நீலப் பையில் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. மரணச் சான்றிதழ் எடுக்கும்போது பதிவுத் துறையில் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வார்கள், அதனால் அதற்கு முன் பத்துப் பிரதி எடுத்து வை என்று இருந்தது. முதலில் போன் செய்ய வேண்டிய ஆறு பேர், வரிசையோடு. பெட்டி சாதாரணமானதாக இருக்கட்டும் என்று அடிக்கோடு. கூடாரக்காரருக்கு அன்றைக்கே பணம் கொடுத்துவிடு, அவர் கூலி ஆள் வைத்து வேலை செய்கிறவர் என்று ஒரு வரி. தன்னோடு எட்டு வருடமாகப் பேசாத தம்பிக்கு முன்வரிசையில் நாற்காலி போடு என்று ஒரு வரி. கொழுந்தனாரை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததும் நான் அந்த வரியைக் காட்டினேன். மனிதர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க எழுந்திருக்கவே இல்லை.

சரி, இவ்வளவு யோசித்தவரிடமும் ஓட்டை இருந்தது. இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான். அவரைக் குறை சொல்வதற்காக இல்லை. அவர் இருந்தால் அவரே ஊர் முழுக்கச் சொல்லச் சொல்லியிருப்பார்.

அதே பக்கத்தின் அடியில் "வீடும் இ.பி.எஃப். பணமும் என் மனைவிக்கு" என்று எழுதி, தேதி போட்டு, அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தார். இ.பி.எஃப். என்றால் ஊழியர் சேமநிதி. சாட்சிக் கையெழுத்து இல்லை. 1959ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, எழுதுகிறவர் இரண்டு சாட்சிகள் கூடவே இருக்கும்போது கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் அவர் முன்னால் போட வேண்டும். சொத்தைப் பெறப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. பக்கத்து வீட்டு அண்ணனையும் அண்ணியையும் கூப்பிட்டிருந்தால் பத்து நிமிட வேலை. சாட்சி இல்லாததால் அது சட்டத்தின் கண்ணில் வெறும் நோட்டுப் பக்கம்.

இ.பி.எஃப். இன்னும் வேதனை. 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது பெனாமாவாக, அதாவது தனக்குப் பின் பணத்தைப் பெறும் ஆளாக, தன் அம்மாவைப் போட்டிருந்தார். அப்போது கல்யாணம் ஆகவில்லை, அது சரிதான். மாமியார் 2003இல் தவறிவிட்டார். பெயர் குறித்த ஆள் முன்னாலேயே இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது. அம்மாவை அடக்கம் செய்த நாளும், கல்லறைக்குக் கல் வைத்த செலவும் நோட்டில் இருக்கின்றன. பெனாமாவை மாற்ற வேண்டும் என்பது மட்டும் எங்குமே இல்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் பெயர் குறித்திருந்தால் பணம் நேராக அந்த ஆளுக்குச் சேர்ந்துவிடும். குறிக்காமல் விட்டதால், எங்கள் கணக்கில் இருந்த தொகைக்கு வாரிசு உத்தரவு இல்லாமல் கை வைக்க முடியாது என்று ஆகிவிட்டது.

உயில் இல்லாவிட்டால் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் வரும். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லாததால் எனக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோரில் ஒருவர் இருந்திருந்தால்கூட எனக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, அவருக்குக் கால். பல பெண்கள் "புருஷன் வீடு எனக்குத்தானே" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வீடு இருந்ததால், நிலம் இருக்கும் மாவட்டத்துக்கான புசாக்கா கெச்சில் பிரிவில், அதாவது சிறு சொத்துப் பிரிவில், விண்ணப்பம் போட்டோம். அப்போது மொத்தச் சொத்து 20 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் அங்கே போகலாம். 2024 ஜூலையிலிருந்து அது 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. நீதிமன்றம், வக்கீல் என்று போவதைவிடச் செலவு மிகக் குறைவு. வீட்டோடு சேர்த்து இ.பி.எஃப்., வங்கிக் கணக்கு, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பத்தில் எழுதினோம். எதையாவது விட்டுவிட்டால் மறுபடி அலைய வேண்டும். விசாரணை நாளில் வாரிசுகள் எல்லாரும் வர வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்யும் சின்னவன் லீவு போட்டு இரவு பஸ்ஸில் வந்தான். அதிகாரி கேட்டபோது, தங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுப்பதாக மூன்று பேரும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் முடிய எங்களுக்குப் 14 மாதம் ஆனது. பிள்ளைகளுக்குள் ஒற்றுமை இல்லாத வீடாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்த 14 மாதமும் வங்கியில் அவர் பெயரில் இருந்த பணம் முடங்கிக் கிடந்தது. எங்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயங்கள். பெர்கேசோவில் விதவைக்குக் கிடைக்கும் மாதப் பென்சன் ஒன்று. அதற்குக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். எங்களுக்குக் கோயிலில் கல்யாணம் நடந்தபோதே அரசுப் பதிவும் நடந்துவிட்டதால் சிக்கல் வரவில்லை. 1982 மார்ச்சிலிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவது கட்டாயம். ஆனாலும் தாலி கட்டியதோடு விட்டுவிட்டு, 25 வருடம் கழித்து அலைகிறவர்கள் தோட்டப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். இரண்டாவது, என் பாலர் பள்ளிச் சம்பளத்தை என் பெயரில் தனிக் கணக்கில் போட அவர் முதல் நாளிலிருந்து வற்புறுத்தியது. "உன் காசு உன் பெயரில் இருக்கட்டும்" என்று 1990இலேயே கூட்டிப் போய்க் கணக்குத் திறந்து கொடுத்தவர் அவர்.

இப்போது எங்கள் சபைப் பெண்கள் கூடுகை முடிந்ததும் நான் ஒரு கேள்வி கேட்பேன். உங்கள் வீட்டுக்காரரின் இ.பி.எஃப். பெனாமா யார்? பாதிப் பேருக்குத் தெரியாது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, இன்னும் என் மாமியார் பெயர்தான் இருக்கு" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் மாற்றிவிட்டு வந்து சொல்லும் நாளில் அந்தப் பெயர்களை நோட்டில் எழுதுகிறேன். ஆமாம், 12ஆவது நோட்டு என்னுடையது.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லாதீர்கள். அது எனக்கும் தெரியும், நானும் நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சொல் கல் மாதிரி வந்து விழுந்தது. அவருடைய மலாய் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. வந்தார், வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளை ஓரமாக ஒதுக்கி வழி செய்தார், வெளியே நின்ற மோட்டார்களை ஒழுங்காக நிறுத்தச் சொன்னார், அடக்கம் முடியும்வரை இருந்தார். அடுத்த ஆண்டு பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் போன் செய்து, "அக்கா, நாளைக்கு நான் ஷிப்டு கேட்டு வாங்கியிருக்கிறேன், பழக்கமாகிவிட்டது" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

11ஆவது நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க இரவல் கணக்கு. ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்து வந்தேன். ஏணி, துளை போடும் மெஷின், சபையின் பெரிய காப்பிக் கேத்தல். மிச்சமிருந்தது "நைலான் கயிறு, பின்வீட்டு அக்கா" என்ற ஒரு வரி. வீடு முழுக்கத் தேடியும் கயிறு கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து, மழைக்காலத்துக்கு முன் கூரையைப் பார்க்கச் சின்னவன் ஏறியபோது, தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமல் இருக்க அந்தக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. அவர் போட்ட முடிச்சு. அவிழ்க்க மனம் வரவில்லை. டவுனுக்குப் போய் அதே நீளத்தில் புதுக் கயிறு வாங்கிக்கொண்டு போய்ப் பின்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அந்த வரியின் பக்கத்தில் தேதி போட்டு, அவர் வைக்கிற இடத்தில் என் கையெழுத்தை வைத்தேன்.